இரு சில்லுகளும் ஒரு மஞ்சள் மருந்தும்

துவிச்சக்கரவண்டியின் பெருமையை யாழ்ப்பாணத்தவருக்கு எவரும் புதிதாக எடுத்துரைக்க வேண்டியதில்லை. தொண்ணூறுகளிலே பொருளாதாரத் தடை நிலவிய காலத்தில் விறகு முதல் நோயாளி வரை யாவும் அதன் மீதே பயணஞ் செய்தன. அதன் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட தலைமுறை எங்களது. அந்நாளில் என் தங்கையைப் பாரில் ஏற்றிப் பள்ளிக்கூடம் கொண்டுசென்றவன் நான். ஆயினும், புற்றுநோய்க்கு நிதி திரட்டும் பொருட்டு ஆயிரக்கணக்கானோர் கூடி வண்டி மிதிப்பர் என்பதை அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்திற் குடியேறிய பின்னரே கண்டேன்.

'பான் மாஸ் சலஞ்ச்' என்பது அந்த ஓட்டத்தின் பெயர். தாயைத் தோற் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த பில்லி ஸ்ரார் என்பவர் 1980ஆம் ஆண்டில் இதனைத் தொடங்கினார். அவ்வாண்டு மிதித்தோர் 36 பேர்; திரண்ட பணம் 10,200 டொலர். 2024ஆம் ஆண்டுடன் மொத்தத் தொகை நூறு கோடி டொலரைக் கடந்துவிட்டது. பணம் பொஸ்ரனிலுள்ள டானா-பார்பர் புற்றுநோய் நிறுவகத்துக்குச் செல்கின்றது. ஒவ்வொருவரும் குறித்த தொகையொன்றைத் திரட்டியாதல் வேண்டும். குறைந்தால் கைப்பணத்தால் ஈடுசெய்ய வேண்டும்.

மிதிப்பது எளிது; கேட்பதுதான் கடினம். என் தங்கைக்கு இரத்தப் புற்றுநோய். நம்மவர் அப்பெயரை வாயாற் சொல்வதில்லை; 'அந்த வருத்தம்' என்று குரலைத் தாழ்த்துவர். உறவினர்க்கும் பழைய மாணவர்க்கும் நான் எழுதவிருந்த கடிதத்தில் நோயின் பெயர் வரத்தானே வேண்டும்? தங்கைக்கு ஒரு மகள் இருக்கிறாள். "பெட்டைக்குக் கலியாணம் பேசேக்கை இதெல்லாம் வெளியிலை வரும், தம்பி. யோசிச்சுச் செய்" என்று மாமி தொலைபேசியில் எச்சரித்தார். அவர் கூறியது பொய்யன்று; பரம்பரை வியாதியென்று மூன்று தலைமுறைக்குக் கணக்குப் பார்க்கும் தரகர்களை நானும் அறிவேன்.

கடிதம் பத்து நாள்கள் மேசையிற் கிடந்தது. இறுதியில் தங்கையே அதனை எடுத்து வாசித்தாள். "எழுதுங்கோ அண்ணா. வருத்தத்தின்ரை பேரைச் சொல்லியே எழுதுங்கோ. ஆனால் என்ரை படத்தை முதுகிலை குத்திக்கொண்டு ஓடவேண்டாம். நான் இன்னும் சாகேல்லை" என்றாள். மகளும் அருகே நின்றாள். அவள் ஒன்றும் சொல்லாது தபாற்தலைகளை ஒட்டத் தொடங்கினாள்.

தங்கைக்கு முள்ளந்தண்டு வழியே ஏற்றப்படும் மருந்து மஞ்சள் நிறமானது. மெதொற்றெக்சேற் என்பது அதன் பெயர். அதன் பூர்வீகத்தைத் தேடிப் படித்தபோது சென்னை மருத்துவக் கல்லூரியில் வந்து நின்றேன்! அங்கே கற்ற ஆந்திர நாட்டவரான எல்லாப்பிரகட சுப்பாராவ் (1895-1948), ஸ்புரூ என்னும் குடல் நோய்க்குத் தம் சகோதரர் இருவரைப் பலிகொடுத்தவர். அமெரிக்கா சென்று, பின்னாளில் லெடர்லி ஆய்வுகூடத்தில் அவர் வழிநடத்திய குழு போலிக் அமிலத்தைத் தொகுத்தது. அந்த அமிலம் ஸ்புரூவுக்கு மருந்தாயிற்று. சகோதரர்க்கு அது காலந் தாழ்த்தியே வந்தது.

ஆனால் வெண்குருதிப் புற்று வேறொரு கதை கூறிற்று. போலிக் அமிலம் நோயுற்ற கலங்களையும் பெருக்கக் கண்டார், பொஸ்ரனில் இருந்த டொக்டர் சிட்னி பார்பர். அப்படியாயின் அதனைப் போலத் தோன்றிக் கலத்தை ஏமாற்றும் பொருளொன்றைக் கொடுத்தால் என்ன? சுப்பாராவின் குழு அத்தகைய பொருள்களை ஆக்கிக் கொடுத்தது. அவற்றுள் ஒன்றான அமினொப்ரெரின் கொடுக்கப்பட்ட 16 குழந்தைகளுள் 10 பேர் தேறியதை 1948இல் பார்பர் வெளியிட்டார். தேற்றம் தற்காலிகமானதே. எனினும் அதுவரை நாட்களை எண்ணுவதன்றி வேறொன்றும் அறியாதிருந்த மருத்துவத்துக்கு அது பெரிது. மெதொற்றெக்சேற் அதன் உடன்பிறப்பு. சுப்பாராவோ அதே ஆண்டில் மறைந்தார். அவர் பெயரை அறிந்த ஒருவரையும் அந்த ஓட்டத்தில் நான் சந்திக்கவில்லை. நம் பாடப்புத்தகங்களிலே இருந்திருக்க வேண்டிய பெயர்.

ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஓகஸ்ற் மாத முதல் வார இறுதியில் ஸ்ரேபிரிட்ஜ் என்னும் ஊரிலிருந்து கடலோரப் புரொவின்ஸ்ரவுன் வரை ஏறக்குறைய 300 கிலோமீற்றர். முதல் நாட் காலையில் மேடும் பள்ளமும் மாறிமாறி வரும்; மேடே இல்லாத ஊரிற் பழகிய கால்களுக்கு அது தண்டனை. வீதியோரங்களிற் சனங்கள் மணியடித்து ஆரவாரித்தனர். சிகிச்சை முடித்த குழந்தைகள் நாற்காலிகளில் அமர்ந்து, கடந்து செல்வோரின் கையிலே தட்டினர். முடி புதிதாக முளைத்திருந்த ஒரு சிறுமி என் கையைத் தட்ட மறுத்து, வண்டியின் மணியை அடித்துப் பார்த்தாள். இரண்டாம் நாள் விடியலில் போர்ன் பாலத்தின் மேலேறியபோது கீழே கால்வாய் நீர் ஈயம் போலக் கிடந்தது. என் முன்னே மிதித்த முதியவரின் முதுகில் ஐந்து பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. என் முதுகு, சொன்னபடி, வெறுமையாய் இருந்தது.

முடிவிடத்தில் தங்கையைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"கால் நோகுதோ?"

"நோகுது."

"சைக்கிள் பாரிலை இருந்துபோன எனக்கு நொந்ததிலும் கூடவோ?" என்று சிரித்தாள். அடுத்த நாள் அவளுக்கு மஞ்சள் மருந்தேற்றும் முறை. நானே காரிற் கொண்டுபோய் விட்டேன்.