ஒரே வரியைத் திருத்தினால் புத்தகம் முழுக்கத் தலைப்புகள் மாறுமா? எப்படி?

ஐந்நூறு பக்கப் புத்தகம். தலைப்புகளையெல்லாம் சற்றுப் பெரிதாக்க வேண்டும். ஒவ்வொன்றாகத் தேடுவீர்களா? ‘டெக்’ என்ற அச்சுக்கோப்பு மொழியில் ஒரு வரியைத் திருத்தினால் போதும்.

ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் டொனால்ட் கனூத், 1977இல் தன் நூலின் அச்சுப்படிகளில் எழுத்துகள் அழகின்றி இருந்ததைப் பொறுக்க முடியாமல் தொடங்கிய மொழி இது. புத்தகம் அழகாக வர வேண்டும் என்ற அந்தப் பிடிவாதத்துக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

இதன் உயிர் ‘மேக்ரோ’. “தாளித்துக் கொட்டு” என்று அம்மா சொன்னால் என்ன செய்வீர்கள்? எண்ணெயைக் காயவைத்து, கடுகு வெடித்ததும் கறிவேப்பிலையைப் போடுவீர்கள். சொன்னது ஒன்று, விரிந்தது பல. மேக்ரோவும் அப்படித்தான்.

‘தலைப்பு’ என்றால் இடைவெளி விடு, தடித்த எழுத்தில் போடு என்று ஒருமுறை விளக்கிவிடுகிறீர்கள். பின்சாய்கோட்டோடு அந்தப் பெயர் வரும்போதெல்லாம் டெக் அதை எடுத்துவிட்டு விளக்கத்தை வைக்கிறது. அதனால் விளக்கத்தைத் திருத்தினால் எல்லாத் தலைப்புகளும் மாறிவிடும். விளக்கத்துக்குள் இன்னொரு மேக்ரோ இருந்தால்? அதையும் விரிக்கும். மேற்கொண்டு விரிக்க முடியாத அடிப்படைக் கட்டளைகள் வரும்வரை நிற்காது.

புதிதாகக் கற்பவரைத் திகைக்கவைக்கும் விஷயம் ஒன்று உண்டு. கட்டளைப் பெயரை அடுத்துள்ள இடைவெளி அச்சில் காணாமல்போகும்! பெயர் எங்கே முடிகிறது என்பதை அந்த இடைவெளியை வைத்து டெக் அறிகிறது, அறிந்ததும் விழுங்கிவிடுகிறது. இடைவெளி வேண்டுமென்றால் பெயரை ஒட்டி ஒரு வெற்று நெளிவு அடைப்புக்குறி இணை போட்டு, அதன்பின் இடைவெளி விடுங்கள்.