பனியைப் பார்க்க எவ்வளவு உயரம் ஏறலாம்?

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலுள்ள முசரவாக்கத்திலிருந்து ஒரு குடும்பம் குளிர்காலத்தில் பனிமலை பார்க்கக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், எழுபதைத் தொட்ட பாட்டி. வீட்டில் முதல் பேச்சு ஸ்வெட்டரைப் பற்றித்தான் இருக்கும், அடுத்த கேள்வி, "அங்கே எத்தனை டிகிரி?" என்னிடம் கேட்டால், ஒவ்வோர் இரவும் எத்தனை மீட்டர் உயரத்தில் தூங்கப் போகிறீர்கள் என்பதை முதலில் ஒரு தாளில் எழுதச் சொல்வேன். காஞ்சிபுரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 80 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்தக் காற்றிலேயே பிறந்து வளர்ந்த உடம்பை எவ்வளவு உயரத்துக்கு, எத்தனை நாளில் ஏற்றுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பயணம் சுகமாகவோ சங்கடமாகவோ முடியும்.

பனியையும் ஆழமான மலையிடுக்கையும் ஒரே பயணத்தில் பார்க்க, ஹிமாசலப் பிரதேசத்தின் கின்னௌர்–ஸ்பிதி பாதையைவிட நல்ல இடம் எனக்குத் தோன்றவில்லை. சிம்லா 2,200 மீட்டர். அங்கிருந்து சட்லெஜ் ஆற்றை ஒட்டியே போனால் கல்பா, 2,960 மீட்டர். பிறகு காப் என்னும் இடத்தில் ஸ்பிதி ஆறு சட்லெஜில் வந்து கலக்கிறது. அந்தக் கிளையைப் பிடித்து ஏறினால் டாபோ, 3,280 மீட்டர். அதற்கப்பால் காசா, 3,650 மீட்டர். மணாலி வழியாகவும் காசாவுக்குப் பாதை உண்டு. ஆனால் அது 4,500 மீட்டருக்கு மேலுள்ள குன்சும் கணவாயைத் தாண்ட வேண்டியது. குளிர்காலம் முழுக்கப் பனியால் மூடிக் கிடக்கும். சிம்லா வழிதான் பெரும்பாலும் திறந்திருக்கும்.

சிம்லா முதல் காசா வரையான நான்கு எண்களையும் இன்னொரு முறை பாருங்கள். படிப்படியாக ஏறுகின்றன. அதில்தான் இந்தப் பாதையின் அருமை இருக்கிறது. மேலே போனால் காற்றில் ஆக்சிஜன் குறைந்துவிடும் என்று சொல்கிறோம். உண்மையில் காசாவின் காற்றிலும் ஆக்சிஜன் 21 சதவீதம்தான், முசரவாக்கத்தில் இருப்பதுபோலவே. குறைவது அழுத்தம். காசாவில் காற்றழுத்தம் கடலோரத்தில் உள்ளதில் ஏறத்தாழ 64 சதவீதம். நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் காற்றின் மூலக்கூறுகளே அந்த அளவுக்குக் குறைந்துபோகின்றன. உடம்பு இதைச் சமாளிக்கத் தெரிந்ததுதான்: மூச்சு வேகமாகும், சிறுநீர் அதிகமாகப் பிரியும், சில நாட்களில் சிவப்பணுக்கள் கூடத் தொடங்கும். இதற்கெல்லாம் நேரம் வேண்டும். அவகாசம் கொடுக்காமல் ஏறினால் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை என்று தொடங்கும். நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ அது உயிருக்கே ஆபத்து. அப்போது மருந்தைத் தேடிக்கொண்டிருக்காமல் உடனே கீழே இறங்க வேண்டும்.

இந்த ஆபத்துக்கு ஆளானவர்களில் ஒருவரை நாம் நினைத்துக்கொள்ள வேண்டும். ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா, இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில் பணிபுரிந்தவர். அரியலூர்ப் பகுதியின் கிரெட்டேசியப் புதைபடிவங்களைப் பற்றிப் பெரிய தொகுதிகளாக எழுதியவரும் அவரே, 1860-களில் ஸ்பிதிப் பாறைகளை நடந்து நடந்து படித்தவரும் அவரே. 1874-இல் யார்க்கண்ட் பயணம் முடிந்து காரகோரம் கணவாய் வழியாகத் திரும்பும்போது கடும் தலைவலியும் மூச்சுத்திணறலும் கண்டு லடாக்கின் முர்கோவில் இறந்தார். வயது 36. லேவில் அவருக்கு நினைவுத்தூண் இருக்கிறது. மலையை அவ்வளவு அறிந்தவர். ஆனால் உயரம் மூளையையும் நுரையீரலையும் என்ன செய்யும் என்பது அந்தக் காலத்து மருத்துவத்துக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கவில்லை. இன்று நமக்குத் தெரியும். 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே ஊரில் தங்கி ஓய்வெடுக்க வேண்டும் என்பது இன்றைய மருத்துவ அறிவுரை. சென்னையில் காலையில் கிளம்பி, டெல்லியில் விமானம் மாறி, 3,500 மீட்டர் உயரமுள்ள லேவில் இறங்கிவிடலாம் என்பது வசதிதான். பாட்டியும் பிள்ளைகளும் கூட வரும்போது அந்த வசதி எனக்குப் பிடிக்கவில்லை. சின்னப் பிள்ளைக்குத் தலைவலியைச் சொல்லத் தெரியாது. சாப்பிடாமல் சிணுங்கும், அவ்வளவுதான். பாட்டிக்கு இதயமோ நுரையீரலோ சற்றுப் பலவீனம் என்றால், டிக்கெட் எடுப்பதற்கு முன்பே மருத்துவரைக் கேட்டுவிட வேண்டும்.

அழுத்தம் குறைவது சமையலிலும் தெரியும். காசாவில் தண்ணீர் ஏறத்தாழ 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். தளதளவென்று கொதிக்கும், அரிசி மட்டும் எளிதில் வேகாது. திறந்த பானையில் எவ்வளவு விறகு எரித்தாலும் தண்ணீர் அந்த 88-ஐத் தாண்டப் போவதில்லை. பருப்பு வேக மிக நீண்ட நேரம் பிடிக்கும். குக்கர் வைத்தால் கதை மாறுகிறது. குக்கரின் வெயிட், வெளியே இருக்கும் அழுத்தத்துக்கு மேல் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தத்தைச் சேர்த்துப் பிடித்து வைக்கிறது. நம் வீட்டில் அதனால் உள்ளே 120 டிகிரி கிடைக்கும். காசாவில் 115 டிகிரிக்குப் பக்கத்தில் கிடைக்கும். இரண்டு விசில் கூடுதலாக விட்டால் சோறு தயார். இட்லி மாவை அங்கே மறந்துவிடுங்கள். அந்தக் குளிரில் புளிக்காது.

இனி அந்த மலையிடுக்கு. கல்பாவில் நின்று கிழக்கே பார்த்தால் 6,050 மீட்டர் உயரக் கின்னர் கைலாசம் தெரியும். கீழே சட்லெஜ் ஓடும் மட்டம் 2,000 மீட்டருக்கும் குறைவு. ஒரே பார்வையில் நான்கு கிலோமீட்டர் மேலும் கீழும் போகிறது. காஞ்சியில் ராஜசிம்மப் பல்லவன் 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைலாசநாதர் கோயிலை எழுப்பினான் அல்லவா? அந்தக் கோயிலின் பெயருக்குரிய திபெத்தின் கயிலாய மலைக்குத் தெற்கே, ராக்ஷஸ்தால் ஏரிப் பக்கத்திலிருந்துதான் சட்லெஜ் வருகிறது. திபெத்தில் பிறந்த ஆறு இமயத்தையே குறுக்கே அறுத்துக்கொண்டு தெற்கே வந்தது எப்படி? மலை இவ்வளவு உயர்வதற்கு முன்பே ஆறு ஓடிக்கொண்டிருந்தது. ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியத் தட்டு ஆசியாவுடன் மோதத் தொடங்கியது; நிலம் மெல்ல மெல்ல உயர்ந்தது; ஆறு தன் பாதையை விடாமல் அதே வேகத்தில் கீழே அறுத்துக்கொண்டே வந்தது.

அறுப்பது மட்டும் போதாது. மழை நிறையப் பெய்யும் ஊராக இருந்தால் இரு பக்கச் சுவர்களும் கரைந்து சரிந்து, அகலமான பள்ளத்தாக்காகிவிடும். ஸ்பிதி மழை மறைவுப் பகுதி. தென்மேற்குப் பருவமழை தெற்குச் சரிவிலேயே கொட்டித் தீர்ந்துவிடுவதால் அந்தப் பக்கம் குளிர்பாலைவனம். ஆற்றுக்குத் தண்ணீர் தூரத்துப் பனியிலிருந்து வருகிறது, சுவரைக் கரைக்க மழை வருவதில்லை. அதனால்தான் பாறை செங்குத்தாகவே நிற்கிறது. அமெரிக்காவின் கொலராடோ ஆறு வெட்டிய கிராண்ட் கேன்யனுக்கும் இதே கணக்குத்தான்.

மழை வராத ஊருக்குப் பனி எங்கிருந்து வருகிறது? மேற்கே, மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து. குளிர்காலத்தில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பாயும் வேகக்காற்றோட்டம் தெற்கே இறங்கி இமயத்தின் பக்கம் வருகிறது. அது காற்றழுத்தத் தாழ்வுகளை ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாகத் தள்ளிக்கொண்டு வரும். வானிலைத் துறை இவற்றை மேற்கத்திய இடையூறு என்கிறது. பஞ்சாபின் கோதுமைக்கு மழையாகும் அதே ஈரம், மலையில் பனியாகக் கொட்டுகிறது. வங்கக் கடலிலிருந்து நமக்கு வரும் வடகிழக்குப் பருவமழை மார்கழியில் ஓயும் நேரத்தில்தான் அங்கே இது சூடு பிடிக்கிறது.

இங்கேதான் காஞ்சிக் குடும்பத்துக்கு ஒரு சிக்கல். அரையாண்டு விடுமுறை டிசம்பர் கடைசியில். கல்பாவில் நம்பிக்கையான பனியோ ஜனவரி, பிப்ரவரியில். தை பிறந்தால் முகூர்த்தம், பட்டுக்கடைக்கும் தறிக்கும் ஓய்விருக்காது. பொங்கல் விடுமுறையோடு நான்கைந்து நாள் சேர்த்துக்கொள்ள முடிந்தால் அதுதான் என் தேர்வு. வானிலை அறிவிப்பில் மேற்கத்திய இடையூறு என்று வந்தால் அது பெய்யும் நாளில் சாலையில் இருக்காதீர்கள். இரண்டு நாளாவது கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள். அது கடந்துபோன பிறகு வானம் வெளுத்து, பயணத்திலேயே சிறந்த நாட்கள் வரும். ஆனால் மேகமில்லாத அந்த இரவுகளில்தான் குளிர் கடுமையாக இறங்கும், சாலையில் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டி படியும். அதனால் வெயில் சாலையில் விழுந்த பிறகே வண்டியை எடுக்கச் சொல்லுங்கள். புதுப்பனி புற ஊதாக்கதிரில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அடிக்கும், பிள்ளைகளுக்குக் கறுப்புக் கண்ணாடி கட்டாயம். கரியடுப்பை மூடிய அறையில் வைத்துக்கொண்டு தூங்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

உடுப்பில் பருத்திதான் உள்ளே இருக்கக்கூடாத துணி. வியர்வையைக் குடித்து ஈரமாகவே ஒட்டிக்கொள்ளும். பட்டு, கம்பளி மாதிரியே புரத இழை. தன் எடையில் மூன்றில் ஒரு பங்குவரை ஈரத்தை வாங்கியும் நனைந்ததாகத் தெரியாது. மலையேறுபவர்கள் கையுறைக்குள் போடும் மெல்லிய உள்ளுறைகள் பட்டில் வருகின்றன. காஞ்சிக்காரர்களுக்கு இதைச் சொல்லும்போது எனக்கே சந்தோஷமாக இருக்கிறது.

பனி விழத் தொடங்கியதும் பிள்ளைகள் உருட்டி விளையாடட்டும். அதற்கு முன் ஒரு கறுப்புத் துணியையும் பூதக்கண்ணாடியையும் வெளியே வைத்துக் குளிர விடுங்கள். துணி சூடாக இருந்தால் பனித்துகள் உருகிவிடும். விழுந்த துகளை மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தால், கறுப்புப் பட்டில் ஜரிகைப் புட்டா போட்டதுபோல ஆறு கைகள் தெரியும். தண்ணீரின் மூலக்கூறுகள் உறையும்போது அறுகோணமாகத்தான் அடுக்கிக்கொள்ளும், அதனால் எப்போதும் ஆறு. கை எப்படி வளரும் என்பதை மேகத்தின் வெப்பநிலையும் ஈரமும் முடிவு செய்கின்றன. மைனஸ் 15 டிகிரிக்குப் பக்கத்தில், ஈரம் நிறைந்திருந்தால், கிளைவிட்ட நட்சத்திரம். மைனஸ் 5-இல் வெறும் ஊசி. ஜப்பானின் உகிச்சிரோ நகாயா 1936-இல் ஹொக்கைடோவின் குளிர் அறையில் முயல் முடியின் நுனியில் பனிப்படிகங்களை வளர்த்து இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தார். ஊசியா நட்சத்திரமா என்று பார்த்தால் மேலே மேகம் எவ்வளவு குளிர்ந்திருந்தது என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளையே சொல்லிவிடலாம்.

இதற்குக் காசாவரை ஏற வேண்டியதில்லை. பாட்டி கூட வருகிறார் என்றால் சிம்லாவில் இரண்டு இரவு, கல்பாவில் மூன்று இரவு, அங்கிருந்தே திரும்பிவிடலாம். பனி, மலையிடுக்கு, கின்னர் கைலாசம் மூன்றும் அங்கே கிடைக்கும். காசாவுக்கு மேலே லாங்சா கிராமத்தில் இமயம் எழுவதற்கு முன் அங்கிருந்த டெத்திஸ் கடலின் அம்மோனைட்டுகள், அதாவது சுருள் ஓட்டுப் புதைபடிவங்கள், பாறையில் இருக்கின்றன. அதற்காகப் பிள்ளைகள் ஏங்கினால் கோடையில் ஒருமுறை போகலாம். அதுவரை ஸ்டோலிச்கா எழுதிய அம்மோனைட்டுகள் அரியலூர்ப் பக்கமே கிடக்கின்றன, ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.