கையில் குற்றமா, துணியில் குற்றமா?



நம் தையல் அறையில் நடந்த ஒரு விஷயத்தை இந்த இதழில் ஒளிக்காமல் எழுதுகிறோம். இதில் தப்பு எங்கள் பக்கம். அதனால்தான் எழுதவும் வேண்டியிருக்கிறது.

பஞ்சு வைத்துத் தைக்கிற குழந்தைப் போர்வைக்கு ஓடர் கிடைத்திருந்தது. நீளம் 45 அங்குலம், அகலம் 36 அங்குலம். தைத்து முடித்து மேசையில் விரித்தால் இடது கரை வலது கரையைவிட ஒரு அங்குலத்துக்கு மேல் கட்டை. ஒன்று அல்ல, அடுத்தடுத்து மூன்று போர்வை. வாங்குகிறவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மெசினில் நின்ற பிள்ளையைக் கூப்பிட்டு, "கவனம் இல்லை, கண்ணு வேற எங்கேயோ இருக்கு" என்று ஏசினோம். மூன்று போர்வைக்கான கூலியையும் பிடித்துக்கொண்டோம். அந்தப் பிள்ளை, "நான் ஒழுங்காத்தான் தைச்சேன் டீச்சர், துணிதான் ஒரு பக்கமா இழுக்குது" என்று இரண்டு தரம் சொன்னது. நாங்கள் காதில் வாங்கவில்லை.

பிறகு மூத்த அக்கா ஒருவர் அதே மெசினில் தைத்தார். நாலாவது போர்வையும் கோணல். அப்போதுதான் நாங்கள் கையை விட்டுவிட்டுச் சட்டத்தைப் பார்த்தோம்.

இது என்ன மெசின்?

வீட்டில் இருக்கிற தையல் மெசினில் மெசின் ஒரே இடத்தில் நிற்கும், துணிதான் நகரும். லோங் ஆர்ம் என்று சொல்கிற இந்த மெசினில் அப்படியே தலைகீழ். துணி ஒரு நீண்ட சட்டத்தில் கட்டுப்பட்டு நிற்கும். மெசின் சக்கரத்தில் உருண்டு முன்னும் பின்னும், இடமும் வலமும் போகும். ஊசிக்கும் பின்பக்கத் தூணுக்கும் நடுவே 18 அங்குலம் முதல் 30 அங்குலம் வரை இடைவெளி இருக்கும். கை நீளமாக இருப்பதால்தான் அந்தப் பெயர். சட்டம் 10 அடி, 12 அடி என்று நீளும்.

பஞ்சுப் போர்வை தைப்பதில் பேர்போன நாடு அமெரிக்கா. அங்கே கென்டக்கி மாநிலத்தில் படூக்கா என்ற நகரத்தில் 1985 இல் ஒரு பெரிய போர்வைப் போட்டி தொடங்கியது. கைத்தையலுக்குத்தான் மதிப்பு என்று பலர் எண்ணியிருந்த காலம் அது. 1989 இல் கேரல் பிரையர் ஃபாலர்ட் என்ற பெண் மெசினால் தைத்த போர்வை அங்கே முதல் பரிசு பெற்றது. மெசினில் தைத்தாலும் அது கைத்திறன்தான் என்று அன்றைக்குப் பலர் ஒத்துக்கொண்டார்கள்.

சட்டத்தில் மூன்று உருளைகள் உண்டு. முன்பக்கம் ஒன்றில் போர்வையின் அடித்துணி சுற்றியிருக்கும். இன்னொன்றில் மேல்துணி சுற்றியிருக்கும். இரண்டுக்கும் நடுவே பஞ்சு விரிப்பு வரும். தைத்து முடிந்த பகுதியைச் சுருட்டி எடுப்பது பின்னால் இருக்கும் மூன்றாவது உருளை. போர்வைத் துணியை நேரே உருளையில் கட்ட முடியாது. அதற்காக ஒவ்வொரு உருளையிலும் தடித்த கன்வஸ் துணி ஒன்று நிரந்தரமாக மாட்டியிருக்கும். இதைத்தான் லீடர் துணி என்கிறார்கள். போர்வையின் ஓரத்தை இந்த லீடர் துணியின் ஓரத்தில் குண்டூசியால் குத்துவோம், அல்லது சிப் வைத்து இணைப்போம்.

கொழுந்து எடுக்கிற அக்காமாருக்கு மட்டக்கம்பைப் பற்றி நாங்கள் சொல்லத் தேவையில்லை. செடிமேல் கம்பை வைத்துப் பார்த்துத்தான் மட்டம் எடுக்கிறோம். கம்பே வளைந்திருந்தால் எவ்வளவு கெட்டிக்காரி எடுத்தாலும் மட்டம் வளைந்துதான் வரும். லீடர் துணி இந்தச் சட்டத்தின் மட்டக்கம்பு. அது நேராக இருந்தால் போர்வை நேர். அது கோணினால் போர்வை கோணல்.

எங்கள் சட்டத்தில் என்ன நடந்தது?

சுருட்டும் உருளையின் லீடர் துணி இடது மூலையில் கிழிந்திருந்தது. யாரோ நல்ல எண்ணத்தில் மேலிருந்து கீழ்வரை ஒட்டுத்துணி வைத்து இரட்டையாகத் தைத்துவிட்டார்கள். பார்க்க அழகான ஒட்டு. ஆனால் உருளையில் சுற்றியபோது இடது பக்கம் மட்டும் சுற்றளவு கூடிவிட்டது.

கணக்கைப் பாருங்கள். ஒட்டினால் உருளையைச் சுற்றி 1/16 அங்குலம் தடிப்பு ஏறினால், இரண்டு பக்கமும் சேர்ந்து விட்டம் 1/8 அங்குலம் கூடும். விட்டம் அவ்வளவு கூடினால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 0.4 அங்குலம் துணியை அந்தப் பக்கம் அதிகமாக இழுக்கும். ஐந்து சுற்று சுற்றினால் இரண்டு அங்குலம்! இடது பக்கம் விறைப்பாக இழுபட்ட நிலையிலேயே தையல் விழுகிறது. சட்டத்தில் இருந்து இறக்கியதும் இழுபட்ட துணி சுருங்கிக்கொள்கிறது. கரை கட்டையாகப் போனது அதனால்தான். துணி ஒரு பக்கமாக இழுக்குது என்று அந்தப் பிள்ளை சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை.

நேராக இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி?

மாதம் ஒரு தரம் போர்வை எதுவும் மாட்டாமல் இதைச் செய்யுங்கள். அரை மணித்தியாலம் போதும்.

முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். மெசினை முன்பின் நகராமல் பிடித்து, இடவலமாக மட்டும் ஓடவிடுகிற பூட்டு ஒன்று பெரும்பாலான மெசின்களில் உண்டு. அதைப் பூட்டிவிட்டு ஊசியைக் கையால் இறக்கி, லீடர் துணியின் ஓரத்துக்கு நேரே மேலே, துணியில் படாமல் நிறுத்துங்கள். பிறகு மெசினை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாகத் தள்ளுங்கள். ஊசி முனை கடைசிவரை துணியின் ஓரத்தோடேயே போனால் நல்லது. போகப் போக விலகினால் துணி கோணல். நடுவில் மட்டும் விலகினால் துணி நடுவில் தொய்ந்துவிட்டது. ஊசியை இறக்கி வைத்துக்கொண்டு ஓட்டாதீங்க. துணியும் கிழியும், ஊசியும் உடையும்.

பூட்டு இல்லாத மெசின் என்றால் அளவு நாடா போதும். உருளையிலிருந்து துணியின் ஓரம் வரைக்கும் இடது, நடு, வலது என்று மூன்று இடத்தில் அளந்து எழுதுங்கள். மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும்.

கடைசியாக, துணியை உருளையில் முழுக்கச் சுற்றி உள்ளங்கையால் நீளத்துக்குத் தடவிப் பாருங்கள். மேடு தட்டுப்பட்டால் அங்கே மடிப்போ ஒட்டோ இருக்கிறது. நாங்கள் செய்யாமல் விட்டது இதைத்தான்.

நடுக்குறி

மூன்று லீடர் துணியிலும் சரி நடுவில் ஒரு குறி இருக்க வேண்டும். போர்வையின் நடுவை அந்தக் குறியில் வைத்து, நடுவிலிருந்து இரண்டு பக்கமும் குத்திக்கொண்டு போவதுதான் முறை. ஒரு முனையிலிருந்து தொடங்கினால் துணி கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுப்பட்டு மறுமுனையில் மிஞ்சி நிற்கும்.

பென்சில் குறி நாளடைவில் அழியும். மைக்குறி ஈரம் பட்டால் போர்வையில் ஒட்டும். ஆகவே நிற நூலால் தைத்துவிடுங்கள். நடுவிலிருந்து இருபக்கமும் ஆறு அங்குலத்துக்கு ஒரு சின்னத் தையல் போட்டால் அளவு நாடா தேடுகிற வேலை மிச்சம். மூன்று நடுக்குறியும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று சட்டத்தின் ஒரே முனையிலிருந்து அளந்து பார்க்க மறக்க வேண்டாம். ஒன்று அரை அங்குலம் தள்ளியிருந்தாலும் போர்வை சரிந்து போகும்.

அன்றாடக் கவனம்

குண்டூசி வளைந்தால், முனை மழுங்கினால் வீசிவிடுங்கள். மழுங்கிய ஊசி துணியின் நூலை அறுக்கும். ஒரே துளையில் திரும்பத் திரும்பக் குத்தாமல் சற்று விலகிக் குத்துங்கள்.

ஊசியைத் துணியில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டாம். நம் மலைநாட்டு ஈரம் உங்களுக்குத் தெரியும். மே மாதம் தொடங்கினால் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை. ஊசி துருப்பிடித்தால் அந்தக் கறை லீடர் துணியில் ஏறி, அங்கிருந்து அடுத்தவருடைய வெள்ளைப் போர்வைக்குப் போகும்.

வேலை முடிந்ததும் உருளையின் இழுவையைத் தளர்த்துங்கள். இரவு முழுக்க விறைப்பாக நின்றால் துணி நடுவில் தொய்யும். வாரம் ஒரு தரம் முழுவதும் அவிழ்த்துக் காற்றாட விடுங்கள். பூஞ்சணம் பிடிக்காது, எலி கடித்திருந்தாலும் தெரியவரும். நூல் துணுக்கையும் பஞ்சையும் தூரிகையால் தட்டுங்கள். மெசினுக்கு எண்ணெய் விட்ட பிறகு ஒரு துண்டுத் துணியில் நாலைந்து அங்குலம் தைத்துப் பார்த்துவிட்டுப் போர்வையைத் தொடுங்கள்.

சிப் வைத்திருப்பவர்கள் பல்லு உதிர்ந்ததை ஒட்டிக்கட்டி ஓட்டாதீங்க. ஒரு பாதியை மட்டும் மாற்றினால் மற்றப் பாதியோடு பொருந்தாமல் போகலாம். மாற்றுவதென்றால் சோடியாக மாற்றுங்கள். தைக்கும்போது சிப்பின் நாடாவை இழுத்துத் தைத்தால் லீடர் துணியின் ஓரம் சுருங்கிவிடும்.

புதுத் துணி மாட்டுவது

ஓரம் மட்டும் நைந்திருந்தால் நைந்ததை முழு நீளத்துக்கும் ஒரே அளவாக வெட்டி, புதிதாக மடித்துத் தைக்கலாம். கிழிந்த இடத்துக்கு மட்டும் ஒட்டுப்போட வேண்டாம். ஆழமாகக் கிழிந்திருந்தால் மாற்றுவதே மேல்.

நெருக்கமான நெசவுள்ள பருத்திக் கன்வஸ் வாங்குங்கள். வெட்டுவதற்கு முன் சுடுதண்ணீரில் நனைத்து, காயவைத்து, இஸ்திரி போடுங்கள். சுருங்குகிற சுருக்கமெல்லாம் அப்போதே சுருங்கட்டும். துணியின் நீளவாட்டம் உருளையின் நீளத்தோடு போகும்படி வெட்டுங்கள். நீளவாட்டு நூல் குறைவாகத்தான் இழுபடும். 12 அடி உருளைக்கு 4 யார் துணி தேவை. நெசவுக் கரை நேராக இருந்தால் அதையே குத்துகிற ஓரமாக வைக்கலாம். நனைத்தபின் கரை சுருண்டு இழுத்தால் அதை வெட்டியெறிந்துவிட்டு ஓரம் மடித்துத் தைக்க வேண்டும். உருளையில் மாட்டும்போதும் நடுவிலிருந்து தொடங்குங்கள். மாட்டியதும் மேலே சொன்ன ஊசிச் சோதனையைச் செய்துவிட்டுத்தான் முதல் போர்வை.

கடைசியாக ஒரு வார்த்தை

ஒட்டுப் போட்ட லீடர் துணியை நாங்கள் கழற்றிவிட்டோம். புதுத் துணி மாட்டித் தைத்த போர்வையின் இரண்டு கரையும் ஒரே அளவு. தைத்தது அதே பிள்ளைதான்.

பிடித்த கூலியைத் திருப்பிக் கொடுத்தோம். எல்லாரும் இருக்கும்போது ஏசியதால் எல்லாரும் இருக்கும்போதே மன்னிப்பும் கேட்டோம். "பரவாயில்லை டீச்சர், இனி முதல்லே துணியை அளப்போம்" என்று அந்தப் பிள்ளை சொன்னது. இப்போது தையல் அறைச் சுவரில் ஒரு கொப்பி தொங்குகிறது. சட்டத்தை அளந்த திகதியும் மூன்று அளவும் அதில் எழுத வேண்டும். போர்வை கோணினால் முதலில் அந்தக் கொப்பியைத் திறப்போம், பிறகுதான் ஆளைக் கூப்பிடுவோம் என்று முடிவு செய்திருக்கிறோம்.

தராசு பிழையாக இருந்து கொழுந்தின் நிறை குறைந்த கதை நம்மில் பலருக்குத் தெரியும். அந்த வேதனை தெரிந்த நாங்களே ஒரு பிள்ளைக்கு அதைச் செய்துவிட்டோம். உங்கள் பிள்ளைகள் எங்கே வேலை செய்தாலும், வேலை பிழைத்தது என்று யாராவது சொன்னால், "கருவியை அளந்து பார்த்தீங்களா?" என்று மரியாதையாகக் கேட்கச் சொல்லிக்கொடுங்கள். கேட்பது தப்பில்லை. அளந்து பார்க்காமல் கூலியைப் பிடிப்பதுதான் தப்பு.