வெட்டுக்கு முன்பு, வெட்டுக்குப் பின்பு

கரும்பு விவசாயி கையில் வருஷத்துக்கு ஒரு முறைதான் மொத்தமாகப் பணம் புழங்கும். ஆலைப் பணம் வந்த கையோடு கடன் அடையும், அடகு நகை வீடு திரும்பும். அடுத்த வெட்டு நெருங்க நெருங்க, மளிகைக் கடைக்காரர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருக்கும். இந்த ஏற்ற இறக்கத்துக்குள் ஒரு பொருளாதார ஆராய்ச்சி ஒளிந்திருப்பதைக் கண்டுகொண்டவர்களில் ஒருவர் பொருளியலாளர் செந்தில் முல்லைநாதன். தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் பிறந்து, ஏழு வயதில் அமெரிக்கா போய், ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றவர். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோவுடன் சேர்ந்து, 2003-இல் எம்.ஐ.டி.யில் வறுமை ஆய்வு மையத்தைத் தொடங்கியவரும் இவரே.

விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்கள், 464 கரும்பு விவசாயிகள். முல்லைநாதனும் அவருடைய சகாக்களும் இவர்களுக்கு வெட்டுக்கு முன்பு ஒரு தடவை, பின்பு ஒரு தடவை பரீட்சை வைத்தார்கள். வரிசையாக உருவங்கள் இருக்கும். விடுபட்டது எது என்று சொல்ல வேண்டும். எழுத்துக்கூடத் தெரிய வேண்டியதில்லை. கையில் காசில்லாத மாதங்களில் தடுமாறிய அதே ஆட்கள், பணம் வந்த பிறகு நன்றாகச் செய்தார்கள். வெட்டுக்கு முன்பு நூற்றுக்கு 78 பேர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள். பின்பு 4 பேர்தான். ஆனந்தி மணி, எல்தார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவோ ஆகியோருடன் முல்லைநாதன் எழுதிய இந்தக் கட்டுரை 2013-இல் 'சயன்ஸ்' இதழில் வந்தது. பற்றாக்குறை மனதை அடைத்துக்கொள்கிறது, மற்றதை யோசிக்க இடம் விடுவதில்லை என்பது அவர்கள் முடிவு.

நான் வளர்ந்தது அந்தக் கரும்புப் பகுதியில்தான். அம்மா அடகு ரசீதுகளை நான்காக மடித்துக் கடுகு டப்பாவுக்கு அடியில் வைத்திருப்பார். ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வரும்வரை அப்பாவிடம் எதைச் சொன்னாலும் இரண்டு முறை சொல்ல வேண்டும். உரக் கணக்கை விரல் நுனியில் வைத்திருந்த மனிதர், பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட வேண்டிய நாளை மறந்துவிடுவார். அந்தக் கட்டுரையைப் படித்தபோது எனக்கு அப்பாவின் முகம்தான் தெரிந்தது.

சென்னை கோயம்பேடு சந்தையின் காய்கறி வியாபாரிகளையும் முல்லைநாதன் ஆராய்ந்திருக்கிறார். காலையில் 1,000 ரூபாய் கடன் வாங்கிச் சரக்கெடுத்து, மாலையில் 1,050 ரூபாயாகக் கொடுப்பார்கள். நாளுக்கு 5 சதவீத வட்டி! தினமும் 5 ரூபாய் மிச்சம் பிடித்து, அந்த அளவுக்குக் கடனைக் குறைத்துக்கொண்டே வந்தால் சுமார் 50 நாளில் கடனே வேண்டாம். அப்படியானால் ஏன் செய்வதில்லை? முல்லைநாதனும் பொருளியலாளர் டீன் கார்லனும் சென்னையிலும் பிலிப்பைன்ஸிலும் வியாபாரிகள் சிலரின் கடனை ஒரேயடியாக அடைத்தே பார்த்தார்கள். பெரும்பாலோர் ஆறே வாரத்தில் மறுபடி கடன் வாங்கினார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல், சொந்தத்தில் ஒரு கல்யாணம் என்று ஏதாவது வரும். தாங்கிப் பிடிக்கச் சேமிப்பு இருக்காது. இதைச் சோம்பல் என்றோ ஊதாரித்தனம் என்றோ சொல்கிறவர்கள் அந்தச் சந்தையில் ஒரு நாள் வியாபாரம் செய்து பார்க்கட்டும்.

வேலைக்கு ஆள் எடுப்பதில் உள்ள பாகுபாட்டையும் முல்லைநாதன் விட்டுவைக்கவில்லை. மரியான் பெர்ட்ராண்டுடன் சேர்ந்து பாஸ்டன், சிகாகோ நிறுவனங்களுக்குச் சுமார் 5,000 போலி விண்ணப்பங்களை அனுப்பினார். தகுதியில் வேறுபாடில்லை, பெயர்தான் வேறு. வெள்ளையர் பெயருக்கு வந்த அழைப்புகள், கறுப்பர் பெயருக்கு வந்ததைவிட 50 சதவீதம் அதிகம். 2004-இல் வெளியான அந்த ஆய்வை இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். 2018-இல் அவருக்கு இன்ஃபோசிஸ் பரிசு கிடைத்தது.

விருதைவிட எனக்கு முக்கியம், இந்த ஆராய்ச்சி நம் ஊர்க் கடன் முறைக்குச் சொல்லும் சேதி. குழுக் கடன் கொடுக்கும் நிறுவனங்கள் கரும்புக்காரர் வீட்டிலும், தினக்கூலி வீட்டிலும், மாதச் சம்பளக்காரர் வீட்டிலும் ஒரே தேதியில் வந்து டியூ கேட்கின்றன. வருமானம் வரும் நாளைப் பார்த்து டியூ தேதி வைத்தால் என்ன? கரும்பு வாங்கிய 14 நாளில் ஆலை பணம் தர வேண்டும் என்று 1966-ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. பாக்கியோ பல சமயம் மாதக்கணக்கில் இழுக்கிறது. விவசாயிக்குச் சிக்கனம் பற்றிப் பாடம் நடத்த வருகிற அதிகாரிகள், முதலில் அந்தப் பாக்கியை வாங்கிக் கொடுக்க வேண்டும்.