குரலுக்குச் சொந்தக்காரர் யாரு பாஸ்?

ஹெட்போனை மாட்டிக்கிட்டு 'லால் சலாம்' படத்தோட 'திமிறி எழுடா' பாட்டைக் கேட்டிருக்கீங்களா? அதுல வர்ற குரல்கள் பம்பா பாக்யாவும் சாகுல் ஹமீதும். இதுல என்ன அதிசயம்னுதானே கேட்கறீங்க? படம் வந்தது 2024 பிப்ரவரியில. பம்பா பாக்யா 2022-லயே இறந்துட்டார். சாகுல் ஹமீது இறந்தது 1998-ல. அதாவது, நாம பொறக்குறதுக்கும் முன்னாடி!

'காதலன்'ல ஊரையே ஆட வெச்ச குரலையும், '2.0'-ல பறவைகளுக்காக உருகின குரலையும் ஏ.ஐ. மூலமா திரும்பக் கொண்டு வந்தார் ஏ.ஆர்.ரஹ்மான்.

எப்படி நடக்குது இந்த மேஜிக்? இன்ஜினீயரிங் படிக்கிற பையன் நான், சிம்பிளா சொல்றேன். ஒருத்தரோட பழைய பதிவுகளைக் கொடுத்து, அவர் குரலோட நிறத்தை மட்டும் கம்ப்யூட்டருக்குப் பழக்குவாங்க. அப்புறம் உயிரோட இருக்கிற ஒரு பாடகர் புதுப் பாட்டைப் பாடுவார். அவரோட சுருதி, சங்கதி, மூச்சு எல்லாம் அப்படியே இருக்கும். குரலோட நிறம் மட்டும் மாறிடும். ஆக, மெஷினுக்குப் பின்னாடி வியர்வை சிந்துற ஒரு மனுஷன் எப்பவுமே உண்டு. அவரையும் மறந்துடாதீங்க!

சரி, இறந்தவர் குரலை யார் வேணா எடுத்துக்கலாமா? இங்கேதான் சிக்கலே. ரெண்டு பேர் குடும்பத்துகிட்டயும் அனுமதி வாங்கி, சம்பளமும் கொடுத்ததா ரஹ்மான் ஓப்பனா சொன்னார். அதே 2024-ல வந்த 'கோட்' படத்துல, அந்த வருஷம் ஜனவரியில இறந்த பவதாரிணியோட குரலைக் கொண்டு வந்தது யுவன். தங்கச்சியோ அக்காவோ இல்லாம போன வீட்டுக்குத்தான் தெரியும், அந்தக் குரலோட மதிப்பு.

இன்னொரு பக்கமும் இருக்கு. 'கீடா கோலா'ங்கிற தெலுங்குப் படத்துல, கேட்காமலே எஸ்.பி.பி. குரலை ஏ.ஐ. மூலமா பயன்படுத்திட்டாங்கன்னு அவர் மகன் எஸ்.பி.சரண் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். 2025 ஆகஸ்ட்ல 'அம்பிகாபதி'யை ஏ.ஐ. மூலமா க்ளைமாக்ஸை மாத்தி ரீ-ரிலீஸ் பண்ணாங்க. செத்துப்போன ஹீரோ பிழைச்சு எழுந்துட்டார்! டைரக்டர் ஆனந்த் எல்.ராயும் தனுஷும் கடுமையா எதிர்த்தாங்க. உயிரோட இருக்கிறவங்க பேச்சே எடுபடலைன்னா, இல்லாதவங்களுக்காக யார் பேசுறது?

இதையெல்லாம் நான் ரொம்ப யோசிச்சது எங்க ஹாஸ்டல்லதான். ரூம்மேட்டோட அப்பா மூணு வருஷத்துக்கு முன்னாடி தவறிட்டார். அவர் பேசின நாற்பது செகண்ட் ஆடியோ ஒண்ணு அவன் போன்ல இருக்கு. "சாப்பிட்டியாடா? பஸ் ஏறினதும் போன் பண்ணு" அவ்வளவுதான். அவன் பிறந்தநாளுக்கு சர்ப்ரைஸா அவர் குரல்லயே வாழ்த்து சொல்ல வைக்கலாம்னு நானும் இன்னொருத்தனும் பிளான் போட்டோம். நல்லவேளை, முன்னாடியே அவன்கிட்ட உளறிட்டேன்.

கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. "அம்மாகிட்ட கேட்கறேன்டா"ன்னு வெளியே போனான். பத்து நிமிஷம் கழிச்சு வந்து, "அம்மா வேணாம்ங்கிறாங்க. அப்பா சொல்லாத வார்த்தையை அவர் குரல்ல கேட்டா, அப்புறம் அவர் நிஜமா சொன்னதும் பொய் மாதிரி ஆயிடுமாம்"னான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாற்பது செகண்ட்ல ஒரு குரலைக் காப்பியடிச்சுடலாம்னு கணக்குப் போட்ட நாங்க, அந்த நாற்பது செகண்டை மூணு வருஷமா பொத்திப் பொத்தி வெச்சிருக்கிற வீட்டை யோசிக்கவே இல்லை.

கல்ச்சுரல்ஸுக்குப் பாட்டு பண்றீங்களா? மீம் போடுறீங்களா? ஆப் கையில இருக்கு, ஓகே. ஆனா, 'கன்வெர்ட்' பட்டனை அமுக்குறதுக்கு முன்னாடி, யார் வீட்டுக் கதவையாவது தட்டணுமான்னு ஒரு தடவை யோசிங்க.

பிறந்தநாள் அன்னிக்கு ராத்திரி அந்தப் பழைய ஆடியோவை அவனே எங்களுக்குப் போட்டுக் காட்டினான். எல்லாரும் அவங்கவங்க வீட்டுக்கு போன் பண்ணோம்!