பாசறையும் பாடசாலையும்

பத்மநாபபுரம் கோட்டையிலிருந்து சிறிது தொலைவில் உதயகிரிக் கோட்டை இருக்கிறது. அங்கே ஒரு பழைய சிற்றாலயத்தின் சுவர்களுக்குள் டிலனாய் துயில்கிறார். 1741-இல் குளச்சலில் தோற்றுக் கைதியான அந்த டச்சு வீரர், பின்னர் திருவிதாங்கூர்ப் படைக்கே ஆசானானார். அவர் கற்பித்தது போர்க்கலை மட்டுமன்று. அரண்மனை அலுவலராயிருந்த நீலகண்டபிள்ளைக்கு யோபுவின் வரலாற்றை எடுத்துரைத்தவரும் அவரே. நீலகண்டர் 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயமானார். 1752-இல் ஆரல்வாய்மொழியில் சாட்சியாக உயிர் ஈந்தார். 2022 மே 15 அன்று திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது.

அதற்கடுத்த மாதம், ஜூன் 14 அன்று, நடுவண் அரசு அக்னிபாத் திட்டத்தை அறிவித்தது. அந்த அறிவிப்பின்படி அக்னிவீரரின் பணிக்காலம் நான்கு ஆண்டு. அதன்பின் நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரையே நிலைத்த பணியில் சேர்க்கப்படுவர். மற்றவர் இளமை மாறுமுன்னரே வீடு திரும்புவர். கையில் சேவா நிதி இருக்கும். பட்டம் இருக்குமா? மகனைப் படைக்கு அனுப்பிய ஒவ்வொரு தாயின் உள்ளத்திலும் எழும் வினா இது.

1985-இல் தோன்றிய இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இதற்கு வழி காட்டியுள்ளது. அக்னிவீரர்களுக்கென வகுக்கப்பட்ட மூன்றாண்டுப் பட்டத்தில் பாதி மதிப்பீடு படைப்பயிற்சிக்கே தரப்படும். மறுபாதியைத் தொலைநிலைக் கல்வியால் முடிக்கலாம். ஆயினும் தனித்திருந்து படிப்பது எளிதன்று. ஐயம் எழுந்தால் கேட்க ஆளில்லை. நாளடைவில் நூல் மூடப்படுகிறது.

அமெரிக்காவில் 1990-களில் தேசியக் காவற்படையின் கூடங்களிலேயே கணிப்பொறியும் காணொலிக் கருவியும் பொருத்திய வகுப்பறைகளை அமைத்தனர். சேமப்படையினரோடு அவ்வூர் மக்களும் அவற்றைப் பயன்படுத்த வழி செய்தனர். நம் நாட்டிலும் கல்விக்கென்றே எஜுசாட் என்னும் செயற்கைக்கோள் 2004 செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. தொலைவிலுள்ள ஆசிரியரை மாணவர் திரையில் கண்டு, வினாவெழுப்பி விடை பெற்றனர். 2010-இல் அதன் பணி முடிந்தது. இன்று அத்துணைப் பெரிய ஏற்பாடு வேண்டியதில்லை. 2017-இல் தொடங்கிய சுவயம் வழியாகப் பல்கலைக்கழகப் பாடங்கள் இணையத்திலேயே கிடைக்கின்றன.

அன்பர்களே, ஞாயிறு மறைக்கல்விக்குப்பின் வாரம் முழுதும் பூட்டிக் கிடக்கும் பங்கு மண்டபங்கள் நம்மிடம் எத்தனை! ஒரு திரை, இணைய இணைப்பு, சில நாற்காலிகள் போதும். திரும்பி வரும் படைவீரர் அங்கே மாலையில் அமரட்டும். புலருமுன் ரப்பர் பால் வெட்டச் செல்வதால் படிப்பை விட்ட இளைஞரும், திருமணத்தால் கல்லூரியை விட்ட பெண்களும் உடன் அமரட்டும். சாதியும் சமயமும் வாயிலில் கேட்கப்படாதிருக்கட்டும். ஆனால் கருவி மட்டும் போதாது. கதவைத் திறக்கவும், தேர்வு நாளை நினைவூட்டவும், சோர்ந்தவரை வீடு தேடிச் சென்று அழைக்கவும் ஒருவர் வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியரும் முன்னாள் படைவீரரும் இப்பணியை ஏற்கலாகாதா?

டிலனாயிடம் திரையில்லை, கருவியில்லை. துயருற்ற ஒருவர் அருகில் அமர்ந்து, தாம் அறிந்ததைச் சொன்னார். அதுவே ஒரு புனிதரின் தொடக்கமாயிற்று. அடுத்த பங்குப்பேரவைக் கூட்டத்தில் மண்டபத்தின் சாவியைப் பற்றி நாம் பேசத் தொடங்குவோம்.