அந்த 50 பேர் யார்?

2020 ஏப்ரல். அமெரிக்காவில் கொரோனா பரிசோதனைக்குக் கடும் தட்டுப்பாடு. அப்போது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாரா மாவட்டத்தில் 3,330 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 50 பேரிடம் கொரோனா எதிர்ப்பொருள் இருப்பதாகத் தெரிந்தது. அதை வைத்து, மாவட்டத்தில் 48,000 முதல் 81,000 பேருக்கு ஏற்கெனவே தொற்று வந்திருக்கலாம் என்று அறிவித்தார்கள். அரசின் கணக்கைப் போல 50 முதல் 85 மடங்கு! அப்படியானால் இறப்பு விகிதம் சொற்பம்தானே, ஊரடங்கு எதற்கு என்ற வாதம் உடனே கிளம்பியது.

அந்த 3,330 பேர் எப்படி வந்தார்கள்? ஃபேஸ்புக் விளம்பரம் பார்த்து, பெரும்பாலும் காரோட்டி வந்தார்கள். முந்தைய வாரங்களில் காய்ச்சலும் இருமலும் வந்து, சோதிக்க வழியின்றித் தவித்தவர்கள் இந்த வாய்ப்பை விடுவார்களா? பாலினம், இனம், வசிக்கும் பகுதி ஆகியவற்றுக்கு ஏற்ப ஆய்வாளர்கள் கணக்கைச் சரிக்கட்டினார்கள். ஆனால் ஒருவர் எதற்காக வந்தார் என்பதை எந்தச் சரிக்கட்டலும் தொடவில்லை. தொற்று வந்தவர்களே கூடுதலாக வந்து சேரும் இந்தக் கோளாறுதான் தெரிவுச் சார்பு.

அடுத்தது வகைப்பாட்டுப் பிழை. தொற்றே இல்லாத 401 மாதிரிகளில், ரத்தத்தைச் சோதிக்கப் பயன்பட்ட கருவி 2 மாதிரிகளைத் தொற்று என்று தவறாகக் காட்டியிருந்தது. அரை சதவீதப் பிழைதான். ஆனால் வெறும் 401 மாதிரிகளை வைத்து, உண்மையான பிழை 1.5 சதவீதம் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. 3,330 பேரில் 1.5 சதவீதம் எவ்வளவு? 50 பேர்! அதாவது அந்த 50 பேருமே கருவியின் பிழையாக இருந்திருக்கலாம். கொலம்பியா பல்கலைக்கழகப் புள்ளியியலாளர் ஆண்ட்ரூ கெல்மன் உள்ளிட்டோர் இதைச் சுட்டிக்காட்டினார்கள். திருத்திய பதிப்பில் மதிப்பீட்டின் கீழ் எல்லை ஏறத்தாழப் பாதியாக இறங்கியது.

கண்டறியப்படாத தொற்றுகள் ஏராளம் என்பது உண்மைதான். ஆனால் எத்தனை என்று சொல்லும் வலு இந்த ஆய்வுக்கு இல்லை. நோய் அரிதாக இருக்கும்போது, கருவியின் சிறு பிழையே உண்மையான நோயாளிகளின் எண்ணிக்கையை விழுங்கிவிடும்.

இதே முறையில் 33,000 பேரைச் சோதித்திருந்தாலும் இந்தக் கோளாறுகள் தீர்ந்திருக்காது. எண் மட்டும் இன்னும் துல்லியமாகத் தோன்றியிருக்கும், நம்பிக்கையோடு தவறியிருப்போம். ஆகவே, எத்தனை பேரைச் சோதித்தார்கள் என்பதோடு நிறுத்தக் கூடாது. அவர்களை எப்படித் திரட்டினார்கள், நோய் உண்டு, இல்லை என்று எதை வைத்துப் பிரித்தார்கள் என்று ஆய்வாளரும் செய்தியாளரும் சேர்த்தே சொல்ல வேண்டும். மக்களின் உயிரைத் தொடும் முடிவுகள் அந்த எண்களை நம்பித்தான் எடுக்கப்படுகின்றன.